சிகாகோவின் வசந்த காலம்: ஒரே வாரத்தில் வெயில், இடி, பனி (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மார்ச் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை சிகாகோவில் புதிதாகக் குடியேறுகிறவர்களும், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. இங்கே எல்லோரும் வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில்தான் சொல்வார்கள். அதனால் அதை முதலில் கொடுத்து, செல்சியஸை அடைப்புக்குள் போட்டிருக்கிறேன். பல பதில்கள் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேரும்: இன்று காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது? இந்த ஊரின் வசந்தத்தில் அதைவிட உபயோகமான தகவல் எதுவும் இல்லை.

வானிலை ஏன் இப்படித் தினமும் மாறுகிறது?

சிகாகோ சமவெளியில் உட்கார்ந்திருக்கிறது. கனடாவிலிருந்து இறங்கும் குளிர்காற்றையோ, மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஏறிவரும் ஈரமான வெப்பக்காற்றையோ தடுக்கக் குறுக்கே ஒரு மலைகூடக் கிடையாது. ராக்கி, அப்பலாச்சியன் ஆகிய இரண்டு மலைத்தொடர்களும் வடக்கு தெற்காகத்தான் ஓடுகின்றன. குளிர்காலத்தில் வடக்கின் கை ஓங்கியிருக்கும், கோடையில் தெற்கின் கை. இடைப்பட்ட இந்த இரண்டு மாதங்களில் இரண்டும் சம பலத்தோடு மோதிக்கொள்கின்றன. அந்த எல்லையை ஒட்டி மிக உயரத்தில் ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகக்காற்று, காற்றழுத்தத் தாழ்வுகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து வருகிறது. ஒவ்வொரு தாழ்வுக்கும் முன்பக்கம் தெற்குக் காற்று, பின்பக்கம் வடமேற்குக் காற்று. சில நாட்களுக்கு ஒன்று வந்து போனால் வாரத்துக்குள்ளேயே கோடையும் குளிரும் இடம் மாறிவிடும்.

சராசரிப் பகல் வெப்பநிலை மார்ச்சில் சுமார் 48 (9), ஏப்ரலில் 60 (16), மே மாதத்தில் 71 (22). இதைப் பார்த்துத் துணி எடுத்து வைக்காதீர்கள். ஏப்ரல் மாதத்தில் இந்த ஊர் 91 (33) வரை போயிருக்கிறது, 1982இல் 7 (மைனஸ் 14) வரை இறங்கியும் இருக்கிறது. 2012 மார்ச்சில் எட்டு நாட்கள் 80ஐ (27) எட்டின.

சரி, ஒரு வாரம் எப்படித்தான் ஓடும்?

ஏப்ரல் நடுவில் ஒரு வாரத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். திங்கட்கிழமை விடியும்போது காரின் கண்ணாடியில் உறைபனி. வானம் சுத்தமாக இருக்கும், மதியம் கோட் இல்லாமல் நடக்கலாம். செவ்வாய்க்கிழமை தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும், வெப்பநிலை 75ஐ (24) தாண்டும், ஊரே தெருவில் இருக்கும், உணவகங்கள் வாசலில் மேசை போட்டுவிடும். அன்று இரவு இடி மின்னலோடு மழை, சில இடங்களில் ஆலங்கட்டி. அதன் பின்னாலேயே குளிர்காற்றின் முன்விளிம்பு கடந்து போகும். இதைத்தான் இங்கே கோல்ட் ஃப்ரண்ட் என்கிறார்கள்.

புதன்கிழமையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஃபோனில் அன்றைய அதிகபட்சம் 60 (16) என்று போட்டிருக்கும். ஆனால் அந்த 60 நள்ளிரவு தாண்டியதுமே முடிந்துபோயிருக்கும். மதியம் 40 (4), அதுவும் முகத்தில் அறையும் வடமேற்குக் காற்றோடு. வியாழக்கிழமை பனித்தூவல் வந்தாலும் வரும். வெள்ளிக்கிழமை காற்று ஓய்ந்து வெயில் வரும், சனி ஞாயிறில் மறுபடி தெற்குக் காற்று. எல்லா வாரமும் இந்த வரிசையில் போகாது. ஒரு தாழ்வு நகராமல் நின்றுவிட்டால் நான்கைந்து நாள் சாம்பல் நிற வானமும் தூறலும்தான். அது பனியைவிட மனதைச் சோர்வாக்கும். ஆக, வசந்தத்தில் அன்றைய அதிகபட்சம், குறைந்தபட்சம் என்ற இரண்டு எண்களைப் பார்த்துப் பயனில்லை. மணிக்கு மணி முன்னறிவிப்பைப் பாருங்கள். தேசிய வானிலைச் சேவையின் தளத்தில் வெப்பநிலை, காற்றின் திசை, மழை வாய்ப்பு மூன்றையும் ஒரே வரைபடத்தில் மணிவாரியாகக் காட்டுவார்கள். இலவசம்தான், விளம்பரமும் கிடையாது.

நம்பாதவர்களுக்கு ஓர் உண்மை நிகழ்வு. 2024 பிப்ரவரி 27, கணக்குப்படி இன்னும் குளிர்காலம். பகலில் 70ஐ (21) தாண்டியது. மாலையில் புறநகர்களில் டொர்னேடோ (தரையைத் தொட்டுச் சுழலும் சூறைக்காற்று) இறங்கியது. மறுநாள் காலையில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே, கூடவே பனித்தூவல். டபிள்யூ.ஜி.என் தொலைக்காட்சியில் 45 ஆண்டுகள் இந்த ஊருக்கு வானிலை சொன்ன டாம் ஸ்கில்லிங் ஓய்வு பெற்றதும் அந்த 28ஆம் தேதிதான். அவருக்கு இந்த ஊர் வானம் பொருத்தமாகத்தான் விடைகொடுத்தது.

ஃபோனில் 72 என்று இருந்தது. ஏரிக்கரைக்குப் போனால் நடுங்கினோம். எது சரி?

இரண்டுமே சரி. சிகாகோவின் அதிகாரபூர்வ வெப்பநிலை 1980 முதல் ஓ'ஹேர் விமான நிலையத்தில் அளக்கப்படுகிறது. அது ஏரியிலிருந்து பத்து மைலுக்கு மேல் உள்ளே இருக்கிறது. ஏப்ரலில் மிச்சிகன் ஏரித் தண்ணீர் 40ஐ (4) ஒட்டித்தான் இருக்கும். நிலம் வெயிலில் சூடேறி அதன் மேலுள்ள காற்று எழும்பும்போது, அந்த இடத்தை நிரப்ப ஏரியின் மேலிருந்து குளிர்காற்று உள்ளே வருகிறது. சென்னையில் மதியத்துக்கு மேல் வரும் கடற்காற்று வேலை செய்வதும் இப்படித்தான். வித்தியாசம் என்னவென்றால், சென்னையில் அதற்காக ஏங்குவோம், இங்கே ஏப்ரலில் அது வந்தால் கோட்டைத் தேடுவோம்.

மேற்கே நேப்பர்வில் புறநகரில் 72 (22) இருக்கும்போது ஏரிக்கரைச் சாலையான லேக் ஷோர் டிரைவ் பக்கம் 50 (10) இருப்பது சாதாரணம். வானிலை சொல்பவர்கள் கடைசியில் "ஏரிப் பக்கம் குளிர் அதிகம்" என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அந்த ஒரு வரியில் லட்சக்கணக்கானவர்களின் அன்றைய பொழுது அடங்கியிருக்கிறது. சில நாட்களில் ஏரியின் குளிர்காற்று வடக்கிலிருந்து கரையோரமாகவே திடீரென்று பாய்ந்து வரும். ஒரு மணி நேரத்துக்குள் 16 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் மேல் இறங்கினால் அதை நிமோனியா ஃப்ரண்ட் என்கிறார்கள். பூங்காவில் டி-ஷர்ட்டோடு விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகள் பத்தே நிமிடத்தில் அழுதுகொண்டு காருக்கு ஓடும் நாள் அது.

எப்படிக் கண்டுபிடிப்பது? காற்று கிழக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ வந்தால் ஏரி ஜெயிக்கிறது. தென்மேற்கிலிருந்து பலமாக அடித்தால் ஏரிக்கரையும் சூடாகவே இருக்கும். காற்றே இல்லாத வெயில் நாள்தான் ஆபத்து, மதியத்துக்குள் ஏரிக்காற்று கிளம்பிவிடும். லெமான்ட் கோவிலுக்கோ அரோரா பாலாஜி கோவிலுக்கோ போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கவலை இல்லை, அவ்வளவு தூரம் உள்ளே வருவதற்குள் ஏரிக்காற்று இளைத்துவிடும். கோவிலுக்குப் போய்விட்டு அப்படியே டவுன்டவுன் பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள்தான் காரில் ஒரு ஜாக்கெட் போட்டு வைக்க வேண்டும்.

பேஸ்பால் பார்க்கிறவர்களுக்கு இது தனிப் பாடம். ரிக்லி ஃபீல்ட் மைதானம் ஏரியிலிருந்து சுமார் ஒரு மைல் தூரம்தான். ஏரிக்காற்று உள்ளே அடித்தால் பந்து மேலே போய் அப்படியே விழும். தெற்குக் காற்று வெளியே தள்ளினால் பந்து மைதானத்தைத் தாண்டும், ஹோம் ரன் மழைதான். 1979 மே 17 அன்று அப்படியொரு காற்றில் ஃபில்லீஸ் அணி உள்ளூர் கப்ஸ் அணியை 23-22 என்று வென்றது.

ஏப்ரலில் பனி பெய்யுமா? கோட்டுகளை உள்ளே வைத்துவிடலாமா?

பெய்யும். 2019 ஏப்ரல் 14 அன்று ஓ'ஹேரில் 5 அங்குலத்துக்கு மேல் பனி கொட்டியது. அன்று சித்திரை முதல் நாள், இங்கே குருத்தோலை ஞாயிறு. அதே மாதக் கடைசியில் மறுபடி பெய்தது. ஏப்ரல் பனி பெரும்பாலும் ஓரிரு நாளில் உருகிவிடும், ஆனால் ஈரமாகவும் கனமாகவும் இருக்கும். துளிர்விட்ட கிளைகள் முறிந்து மின்கம்பிமேல் விழுவதும் உண்டு.

கனமான கோட்டை ஏப்ரல் கடைசி வரையாவது கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சட்ட விவரம்: சிகாகோவின் முக்கியச் சாலைகளில், சுமார் 107 மைல் நீளத்துக்கு, டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை அதிகாலை 3 மணி முதல் 7 மணி வரை வண்டி நிறுத்தக் கூடாது. பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த விதி உண்டு. வேறு சில சாலைகளில் 2 அங்குலப் பனி விழுந்தால் எந்தத் தேதியிலும் வண்டியை எடுத்துவிட வேண்டும். பலகையைப் படிக்காமல் விட்டவர்கள் காலையில் காரைத் தேடி அலைவார்கள்.

டொர்னேடோ பெரிய நகரத்துக்குள் வராது என்கிறார்களே?

இதை நம்பாதீர்கள். இந்தப் பக்கத்தில் நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். உயரமான கட்டடங்களோ ஏரியின் குளிரோ டொர்னேடோவை நிறுத்திவிடும் என்று இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூடச் சொல்வார்கள். 1967 ஏப்ரல் 21, வெள்ளிக்கிழமை மாலை, வேலை முடிந்து மக்கள் வீடு திரும்பும் நேரத்தில் தென்மேற்குப் புறநகரான ஓக் லான் வழியாக ஒரு டொர்னேடோ வந்தது. எஃப்-4 வகை, அதாவது மிகக் கடுமையானது. சிக்னலில் நின்றுகொண்டிருந்த கார்கள் தூக்கி எறியப்பட்டன. 33 பேர் இறந்தார்கள். அது நகரின் தென்பகுதியைக் கடந்து ஏரிக்குள் போய்த்தான் முடிந்தது. சாலையில் மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

எஃப்-4 என்கிற அந்த அளவுகோலே இந்த ஊரில் பிறந்ததுதான். ஜப்பானிலிருந்து 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு வந்த டெட் ஃபுஜிட்டா, சேதத்தைப் பார்த்துக் காற்றின் வேகத்தைக் கணிக்கும் முறையை 1971இல் உருவாக்கினார். இன்று பயன்படுத்துவது அதன் திருத்திய வடிவம்.

ஃபோனில் இரண்டு வகை அறிவிப்பு வரும். டொர்னேடோ வாட்ச் என்றால் உருவாகக்கூடிய சூழல் இருக்கிறது, கவனமாக இருங்கள் என்று பொருள். வேலையைப் பார்க்கலாம், ஆனால் ஃபோனில் சார்ஜ் இருக்கட்டும். டொர்னேடோ வார்னிங் என்றால் ரேடாரில் தெரிந்துவிட்டது அல்லது யாரோ நேரில் பார்த்துவிட்டார்கள். அப்போது யோசிக்காதீர்கள். பேஸ்மென்ட் இருந்தால் அங்கே இறங்குங்கள். அடுக்குமாடியில் இருந்தால் முடிந்தவரை கீழ்த்தளத்துக்குப் போய், ஜன்னல் இல்லாத உள் அறை, குளியலறை அல்லது படிக்கட்டுப் பகுதியில் இருங்கள். லிஃப்ட் வேண்டாம். பால்கனியில் நின்று வீடியோ எடுக்கவே வேண்டாம். வயதான அப்பா அம்மா வீட்டில் தனியாக இருந்தால், அவர்கள் ஃபோனிலும் இந்த எச்சரிக்கை வருகிறதா என்று பார்த்து, எங்கே போய் உட்கார வேண்டும் என்று முன்கூட்டியே கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். பலர் இதைச் செய்வதில்லை.

வெயில் அடிக்கும்போது சைரன் ஊதியது. ஏதாவது ஆபத்தா?

மாதத்தின் முதல் செவ்வாய், காலை 10 மணியா? அப்படியானால் அது டொர்னேடோ எச்சரிக்கைச் சைரனின் சோதனை. மற்ற நேரத்தில் ஊதினால் உடனே உள்ளே போங்கள். சைரன் வெளியில் இருப்பவர்களுக்காக வைத்தது, தூக்கத்தில் அதை நம்பி இருக்க முடியாது.

புழுதிப் புயல்கூட வருமாமே?

2025 மே 16 வரைக்கும் யாரும் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. அன்று மாலை இல்லினாய் மாநிலத்தின் நடுப்பகுதியில் எழுந்த இடிமழையிலிருந்து வெளியே பாய்ந்த காற்று, உழுது காய்ந்து கிடந்த சோள, சோயா வயல்களின் மண்ணை வாரிக்கொண்டு வடக்கே வந்தது. வானம் பழுப்பாகி, சாலையில் முன்னால் போகும் வண்டி தெரியாமல் போனது. சிகாகோ நகருக்குப் புழுதிப் புயல் எச்சரிக்கை கொடுக்கப்பட்டது அதுதான் முதல் முறை. வண்டியில் போகும்போது இப்படி வந்தால் சாலையை விட்டு முழுவதும் விலகி நிறுத்தி, எல்லா விளக்குகளையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதைச் சாலை என்று நினைத்து வந்து மோதுவார்.

மழை பெய்தால் பேஸ்மென்ட்டில் தண்ணீர் வருகிறது. ஏன்?

சிகாகோவிலும் பழைய புறநகர்கள் பலவற்றிலும் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் ஒரே குழாய்தான். சில மணி நேரத்தில் இரண்டு மூன்று அங்குலம் கொட்டினால் குழாய் நிரம்பி, வீட்டின் தரையிலிருக்கும் வடிகால் வழியாகவே மேலே வரும். இதற்காகத்தான் 1970களில் பாறைக்குள் ராட்சதச் சுரங்கம் தோண்ட ஆரம்பித்தார்கள். டீப் டனல் என்ற அந்தத் திட்டத்தில் 109 மைல் சுரங்கம் 2006இல் முடிந்தது. நீர்த்தேக்கங்களில் தார்ன்டன் 2015இலும் மெக்குக் முதல் கட்டம் 2017இலும் சேர்ந்தன. நிலைமை நிறையவே மேம்பட்டிருக்கிறது, ஆனால் உங்கள் தெருக் குழாய் பழையதாகவே இருந்தால் சுரங்கம் மட்டும் என்ன செய்யும்? பலத்த மழை நேரத்தில் துணி துவைப்பதையும் பாத்திர மெஷினையும் தள்ளிப்போடுங்கள். புத்தகப் பெட்டிகளைத் தரையில் வைக்காதீர்கள். வீடு வாங்குகிறவர்கள் பேக்ஃப்ளோ வால்வும் (கழிவுநீர் திரும்பி வராமல் தடுப்பது) சம்ப் பம்ப்பும் (பேஸ்மென்ட்டில் சேரும் நீரை வெளியேற்றுவது) இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

வீட்டில் ஹீட்டர் போடுவதா, ஏசி போடுவதா?

சொந்த வீட்டில் இருப்பவர்கள் ஒரே நாளில் இரண்டையும் போட நேரலாம். வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சட்டம் உண்டு: செப்டம்பர் 15 முதல் ஜூன் 1 வரை, காலை 8:30 முதல் இரவு 10:30 வரை 68 (20), இரவில் 66 (19) டிகிரியாவது வீட்டுக்குள் இருக்கும்படி வீட்டு உரிமையாளர் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நகர நிர்வாகத்தின் 311 எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லலாம். மே மாதம்தானே என்று சகித்துக்கொண்டு குழந்தையோடு குளிரில் உட்கார வேண்டிய அவசியம் இல்லை.

இதன் மறுபக்கம் இன்னும் கொடுமையானது. பெரிய பழைய கட்டடங்களில் ஹீட்டிங்கிலிருந்து கூலிங்குக்கு ஒரே நாளில் மாற்ற முடியாது. 2022 மே நடுவில் திடீர் வெப்பம் வந்தபோது, ராஜர்ஸ் பார்க் பகுதியில் முதியோர் குடியிருந்த ஒரு கட்டடத்தில் மூன்று பெண்கள் இறந்து கிடந்தார்கள். வெளியே சுட்டெரிக்கும்போதும் உள்ளே ஹீட்டிங் ஓடிக்கொண்டிருந்ததாகக் குடியிருந்தோர் சொன்னார்கள். அதன் பிறகுதான் பெரிய கட்டடங்களிலும் முதியோர் கட்டடங்களிலும் குளிர்விக்கும் வசதி இருக்க வேண்டும் என்று நகர சபை விதி கொண்டுவந்தது. ஜூன் 1 வரை ஹீட்டர் ஓடியே தீர வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. உங்கள் கட்டடத்தில் யாராவது அப்படிச் சொன்னால் விடாமல் கேளுங்கள், பக்கத்து வீட்டுப் பெரியவர்களையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

குழந்தைகளுக்கு என்ன போட்டு அனுப்புவது?

அடுக்கடுக்காக. காலை பஸ் நிறுத்தத்தில் 36 (2), மாலை திரும்பும்போது 66 (19) இருக்கலாம். உள்ளே பருத்தி, நடுவில் ஃப்ளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத மெல்லிய ஜாக்கெட். குளிர்காலத்தின் தடித்த கோட்டைப் போட்டு அனுப்பினால் மதியம் அது பள்ளியிலேயே தங்கிவிடும். குடையை நம்ப வேண்டாம், இந்தக் காற்றில் நொடியில் திருப்பிக்கொள்ளும்.

மே மாத வெயிலில் ஏரியில் இறங்கலாமா?

வேண்டாம். காற்று 85 (29) இருந்தாலும் தண்ணீர் 50ஐ (10) ஒட்டித்தான் இருக்கும். அந்தக் குளிர் பட்டதும் மூச்சு தன்னையறியாமல் உள்ளிழுக்கும், அந்த நொடியில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் நன்றாக நீந்தத் தெரிந்தவரும் மூழ்கிவிடுவார். கரையில் சிமென்ட் திட்டில் நிற்பதிலும் கவனம் தேவை. வேகமாக நகரும் இடிமழை வரிசைகள் ஏரியின் நீர்மட்டத்தைத் திடீரென்று உயர்த்தும். 1954 ஜூன் 26 அன்று மான்ட்ரோஸ் துறைமுகம் பக்கம் அப்படி எழுந்த அலை, மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களை இழுத்துப் போனது. எட்டுப் பேர் இறந்தார்கள்.

பெற்றோரை எந்த மாதம் வரச் சொல்லலாம்?

குளிர் தாங்காதவர்கள் என்றால் மே கடைசி. ஆனால் ஏப்ரல் கடைசி வாரமும் மே முதல் பாதியும் இந்த ஊர் மிக அழகாக இருக்கும் காலம். அதை அவர்கள் பார்க்காமல் போவது எனக்கு வருத்தமாக இருக்கும். மக்னோலியா முதலில் பூக்கும். ஒரே ஓர் உறைபனி இரவு வந்தால் அத்தனை பூவும் பழுப்பாகிவிடும், அதனால் பூத்த செய்தி கேட்டதும் அன்றே போய்விடுங்கள். பிறகு ஜாக்சன் பார்க்கில் செர்ரி மரங்கள். 1893 உலகக் கண்காட்சி நடந்த அதே இடத்தில், அதன் 120ஆம் ஆண்டை ஒட்டி 2013இல் நட ஆரம்பித்தவை.

மே மாதத்தில் தெற்குக் காற்று அடித்த இரவுக்கு மறுநாள் காலையில் மான்ட்ரோஸ் முனைக்குக் கூட்டிப்போங்கள். வலசை போகும் சின்னஞ்சிறு பறவைகள் இரவெல்லாம் அந்தக் காற்றில் பறந்து வந்து, ஏரியைப் பார்த்ததும் அங்கே புதர்களில் இறங்கியிருக்கும். மஞ்சள், ஆரஞ்சு, நீலம் என்று கைக்கெட்டும் தூரத்தில். நடக்க முடியாத பெரியவர்களுக்கும் இது சிரமமில்லாத இடம். தும்மல் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: இதே வாரங்களில் ஓக், மேப்பிள் மரங்களின் மகரந்தம் பறக்கும், அலர்ஜி மாத்திரை கையில் இருக்கட்டும்.

கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றை எப்போது வெளியே நடலாம்?

அன்னையர் தினம் கழித்து, அதாவது மே நடுவில். ஏப்ரல் வெயிலைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். இலை தப்பினாலும் மண் சூடாகாமல் வேர் ஓடாது, இரவில் 50க்குக் (10) கீழே போய்க்கொண்டிருக்கும் வரை கத்தரியும் மிளகாயும் வளராமல் அப்படியே நின்றுவிடும். ஒரு வாரம் முன்பிருந்தே தொட்டிகளைப் பகலில் சில மணி நேரம் வெளியே வைத்து, இரவில் உள்ளே எடுத்துப் பழக்குங்கள். முதல் இரண்டு நாள் நேர் வெயில் படாத இடமாக இருக்கட்டும். கீரை, கொத்தமல்லி, வெந்தயம், பட்டாணி இவற்றுக்குக் காத்திருக்கத் தேவையில்லை, ஏப்ரல் நடுவிலேயே விதைக்கலாம். முருங்கைத் தொட்டியையும் கறிவேப்பிலைத் தொட்டியையும் மட்டும் எல்லாவற்றுக்கும் கடைசியாக, மே முடியும்போது வெளியே எடுங்கள். வடகிழக்குக் காற்று அடிக்கிற நாளாக இருந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள்.